குமிழி கரையும் வரை

கண்ணுக்குள் வாயுக்குமிழி வைத்து அனுப்பப்பட்டவர்கள் மலை ஏறக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சத்தைப் படிக்காமல் மடித்து வைத்தாலும் இந்த ஒரு வரி யாருக்காவது உதவட்டும். மலையில் வீடு இருப்பவர்களுக்கு, மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு, அடி வாங்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி சீட்டில் ஏறி உட்காரும் என் கூட்டத்து ஆட்களுக்கு.

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் இடையே பதினெட்டு வருடம் அரசுப் பேருந்து ஓட்டினேன். வளைவுகளை நான் எண்ணியதில்லை, தோள்பட்டை எண்ணிக்கொள்ளும். கீழே வெயில், நடுவில் காப்பிப்பூ வாசனை, மேலே பனி. ஒரே காக்கிச் சட்டைக்குள் மூன்று பருவத்தை உடுத்திக்கொண்டு போய் வந்தவன். இப்போது அந்தப் பாதை என் இடது கண்ணில் மட்டும் இருக்கிறது.

அது மே மாதம், சீசன். இரட்டை டூட்டி. மூன்று மணி நேரம் வண்டியின் நீள சீட்டில் கண்ணை மூடியிருந்தேன், அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. காலை ட்ரிப்பில் அறுபது பேருக்குமேல் ஏற்றிக்கொண்டு பாதி மலை வந்திருந்தேன். ஒரு கொண்டை ஊசி வளைவின் வாயில், மேலிருந்து இறங்கி வந்த வெள்ளைக் கார் ஒன்று என் எதிரே மூக்கை நீட்டி நின்றது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். ஏறுகிற வண்டி நின்றால் பின்னால் போகத்தான் பார்க்கும் என்பதால் அப்படி. எனக்குப் பின்னால் பள்ளம். அந்தக் காருக்குப் பின்னால் பத்தடியில் ஒதுங்குவதற்கு அகலமான இடம்.

நான்கு இளைஞர்கள் இறங்கி வந்தார்கள். "பத்தடி பின்னால எடுத்துக்கங்க தம்பி, எனக்குப் பின்னால எடமில்ல" என்றேன்.

"கவர்மெண்டு வண்டின்னா ரோடும் ஒன்னோடதா?" என்று சொல்லிக்கொண்டே ஒருவன் முன்சக்கரத்தில் கால் வைத்து ஏறி ஜன்னலுக்குள் கையை விட்டான்.

பிறகு டாக்டர் கேட்டார், போலீஸ் கேட்டது, டெப்போவில் கேட்டார்கள், என் மனைவி பாக்கியமும் கேட்டாள். முகத்தைக் கையால் மறைத்துக்கொள்ள வேண்டியதுதானே? மறைக்க என்னிடம் கை இல்லை. வலது கால் பிரேக்கில். இடது கை ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தது. பழைய வண்டி, விட்டால் தானாக நிற்காது. வலது கை ஸ்டீயரிங்கில். அறுபது பேரின் எடையும் என் ஒரு பாதத்தின் கீழே இருந்தது. அதனால் முகத்தை அவனிடம் கொடுத்துவிட்டேன். முதல் அடி கன்னத்தில். இரண்டாவது காதில். மூன்றாவது அடியில் அவன் மணிக்கட்டில் போட்டிருந்த கனமான காப்பு வலது கண்ணில் இறங்கியது. சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல், மிகவும் மரியாதையாக: "டிரைவர், நீங்களே கொஞ்சம் பின்னால எடுத்துடுங்களேன், எங்களுக்கு ரூமுக்கு டைம் ஆவுது."

கண்டக்டர் சிக்கந்தர் கடைசிப் படியில் இருந்தான். பழனிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. பதினொரு வருடமாக என் வண்டிக்கு விசில் அடிப்பவன். நெரிசலைப் பிளந்துகொண்டு அவன் முன்னால் வருவதற்குள் நால்வரும் காரில் ஏறிவிட்டார்கள். ஏறி, பத்தடி பின்னால் எடுத்தார்கள். நான் ஏறி வருவதற்கு வழிவிட்டு, பிறகு இறங்கிப் போனார்கள். அந்தப் பத்தடியை முன்பே எடுத்திருக்கலாமே என்று இன்றைக்கும் நான் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நினைக்கிறேன். சிக்கந்தர் கார் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

வண்டியை அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. பாதியில் நின்ற ட்ரிப்புக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ஏன் நிறுத்தினாய், எதற்குச் சண்டைக்குப் போனாய் என்றுதான் கேள்வியே ஆரம்பிக்கும். துண்டை மடித்துக் கண்ணில் வைத்துக் கட்டிக்கொண்டு மீதி மலையையும் ஒற்றைக் கண்ணால் ஏறினேன். வேலை பார்ப்பவனின் வீம்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன், அச்சில் போட முடியாது.

கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் கண்ணைத் திறந்து பார்த்த டாக்டர் திறந்த வேகத்தில் மூடிக் கட்டினார். மதுரைக்குப் போங்கள், இன்றைக்கே போங்கள் என்றார்.

மதுரைக் கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் எங்கள் பேருந்து நிலையத்தைப்போலத்தான் இருந்தது. பெஞ்சு, டோக்கன், கூப்பிடும் குரல். எல்லோரும் எங்கோ போகக் காத்திருக்கிறார்கள், வண்டிதான் தெரியவில்லை. அடிபட்ட கண்ணில் முதலில் கண்டுபிடித்தது ரத்தத்தை. கருவிழிக்கு முன்னால் ஒரு சின்ன அறை இருக்கிறதாம், அதில் ரத்தம் தேங்கி நின்றது. டம்ளரின் அடியில் வண்டல் நிற்பதுபோல. தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்தால் தானாக வடியும் என்று ஐந்து நாள் படுக்க வைத்தார்கள். வடிந்தது. வெளிச்சம் வந்தது. பாக்கியத்தின் முகம் முதலில் சிவப்பாக, பிறகு பழுப்பாக, பிறகு அவள் நிறத்திலேயே வந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் காலை பல் துலக்கும்போது மூக்குப் பக்கத்து மேல்மூலையிலிருந்து ஒரு கறுப்பு இறங்கியது. மழை வந்தால் பேருந்து ஜன்னலில் ஷட்டரை இறக்குவோம் இல்லையா, பாதியில் சிக்கிக்கொண்டு நிற்குமே, அப்படி. சாயங்காலத்துக்குள் இன்னும் ஒரு விரற்கடை இறங்கிவிட்டது.

டாக்டர் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர், பேசினால் காகிதத்தில் படம் வரைந்துகொண்டே பேசுவார். கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல்தான் விழித்திரை, பார்வையே அதில்தான் விழுகிறது என்றார். அடியில் அது கிழிந்து, ஈரச் சுவரில் சுண்ணாம்பு உரிவதுபோல உரிந்துகொண்டு வருகிறது. உள்ளே போய், கண்ணை நிரப்பியிருக்கும் கூழை எடுத்துவிட்டு, கிழிசலைச் சுற்றி லேசரால் சுட்டு, ஒரு வாயுவை நிரப்ப வேண்டும். வாயு குமிழியாக நின்று விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

"அதுக்கப்புறம் வண்டி ஓட்டலாமாங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல ஒட்டட்டும்" என்றார்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகத்தை நோக்கி ஒரு கை வந்ததும் என் வலது கால் தானாக நீண்டு கட்டிலின் அடிக்கம்பியை மிதித்தது. பிரேக். ஒவ்வொரு முறை சொட்டு மருந்து விட நர்ஸ் கையை உயர்த்தும்போதும் அதே மிதி. ஒருநாள் கம்பி வளைந்துவிட்டது. "யாருங்க ஒங்கள அடிச்சது?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். விழுந்துவிட்டேன் என்றே அதுவரை அவளிடம் சொல்லியிருந்தேன்.

குமிழி மேலே மிதக்கும் சுபாவம் உள்ளது. கண்ணின் பின்சுவரை அது தொட வேண்டுமானால் ஆள் குப்புறக் கிடக்க வேண்டும். எட்டு நாள், சாப்பிடவும் கழிவறைக்கும் தவிர. கட்டிலில் மார்புக்கு ஒரு தலையணை, எதிரே முக்காலியில் நெற்றிக்கு ஒரு தலையணை, நடுவில் மூச்சுக்கும் பார்வைக்கும் சந்து. எட்டு நாள் நான் மனிதர்களைக் காலால் அறிந்தேன். டாக்டருக்குத் தட்டைச் செருப்பு, இடதுகால் கொஞ்சம் இழுக்கும். தரை துடைக்கும் அம்மாவின் குதிகாலில் வெடிப்பு. அடுத்த கட்டில்காரரின் மகன் புது ஷூ போட்டுக்கொண்டு வந்து அப்பாவின் பக்கத்தில் நிற்காமல் ஜன்னல் பக்கம் நின்றான்.

பாக்கியம் கால் காட்டவில்லை. என்னைக் குப்புறப் போட்ட முதல் நாளே கட்டிலுக்குக் கீழே பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டாள். அவள் முகம் நேர் கீழே, ஒன்றரை முழத்தில். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில் பிறந்து ஏழு வயதில் கப்பலேறி வந்தவள். கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. "இப்பிடித்தான் கப்பல்ல படுத்துக்கிட்டு வந்தோம், மேல் தட்டுல கெடந்தவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே" என்றாள். தேத்தண்ணியில் உறிஞ்சுகுழல் போட்டுக் கீழேயிருந்து கையை நீட்டித் தருவாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் முகத்தை அத்தனை நேரம் நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிப் பில்லை எப்படிக் கட்டினோம் என்பதை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை.

டெப்போக்காரர்கள் ஓய்வு நாளில் இரண்டு இரண்டு பேராக வந்தார்கள். ஆயக்குடிக் கொய்யா, ஹார்லிக்ஸ், ஒருவர் மலைப்பூண்டு. முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, என் பிடரியைப் பார்த்து அவர்கள் பேசினார்கள். வேறு எங்கும் பேசாததைப் பேசினார்கள். நிறுத்தமில்லாத இடத்தில் நிறுத்தவில்லை என்று பல்லை இழந்தவர். தன் மகள் உட்கார்ந்திருந்த அதே வண்டியில் அவள் கண்ணெதிரே அறை வாங்கியவர். அன்றிலிருந்து மகள் அந்த வண்டியில் ஏறுவதில்லை. லக்கேஜுக்கு டிக்கெட் கேட்டதற்கு எச்சில் துப்பப்பட்டவர். ரத்த அழுத்த மாத்திரையை டிக்கெட் பைக்குள்ளேயே வைத்திருப்பவர். முன்னால் போகும் கார் பிரேக் போட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வீட்டில் தட்டு விழுந்தாலும் அடித்துக்கொள்கிறது என்று ஒருவர் சொன்னார். இவர்களில் ஒருவரும் தன் வாயால் வீட்டில் சொன்னதில்லை. பாக்கியம் கட்டிலுக்கு அடியில் படுத்தபடி அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் போனபின் கேட்டாள்: "நீங்க இதுக்கு முந்தி எத்தன தடவ வாங்கினீங்க?" நான்கு என்றேன். பிறகு ஏழு என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் திரும்பவும் முடியாது, எனக்குத் தரைதான் விதித்திருந்தது.

டிஸ்சார்ஜ் அன்று, கண்ணுக்குள் வாயு இருக்கிறது, உயரத்துக்குப் போகக்கூடாது என்று எழுதிய பச்சைப் பட்டை ஒன்றை மணிக்கட்டில் கட்டினார்கள். டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். குமிழி ஆறு வாரத்தில் தானாகக் கரையும். அதுவரை மல்லாந்து படுக்கக்கூடாது, விமானத்தில் போகக்கூடாது, மலை ஏறக்கூடாது.

"வீடே கொடைக்கானல்லதாங்க."

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "அப்போ கீழயே இருங்க. மேல போகப் போகக் காத்து லேசாகும், உள்ள இருக்கிற குமிழி பெருக்கும். கண்ணு பலூன் இல்ல, விரியாது. உள்ளுக்குள்ளயே நசுக்கும்."

எனக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. கீழேயிருந்து நாங்கள் ஏற்றிக்கொண்டு போகும் சிப்ஸ் பாக்கெட்டுகள் மேலே போனதும் உப்பி விறைத்துக்கொண்டு நிற்பதைப் பதினெட்டு வருடம் பார்த்தவன். புரிந்தது. நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்த தப்பு அல்ல இது.

சிக்கந்தரின் அக்கா ஆயக்குடியில் கொய்யாத் தோப்புக்குப் பக்கத்தில் இருந்தார்கள். எங்களுக்குப் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார்கள். பாக்கியம் லீவு முடிந்து மேலே வேலைக்குப் போய், ஓய்வு நாளில் இறங்கி வருவாள். நான் வாசலில் நாற்காலி போட்டு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மேலே ஏறும் வண்டியின் விளக்கு தெரிந்தால் எந்த ட்ரிப் என்று சொல்லிவிடுவேன். அங்கே எனக்கு வேறு சோலி இல்லை.

மூன்றாம் வாரம் குமிழியின் மேலே பார்வை திறக்க ஆரம்பித்தது. கொத்தனாரின் ரசமட்டத்தில் நீர்க்கோடு ஆடுமே, அப்படி ஒரு கோடு கண்ணுக்குள் ஆடியது. கோட்டுக்கு மேலே உலகம், கீழே கலங்கல்; கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ், மேலே மிதக்கும் குமிழி கீழே தெரியுமாம். தினமும் கோடு கொஞ்சம் இறங்கியது. பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். நல்லா ஒட்டியிருக்கு என்றார். வண்டி ஓட்டலாமா என்று நான் கேட்பதற்கு முன்பே, "மூணு மாசம் கழிச்சுக் கேளுங்க, ஆமான்னு சொல்லக்கூடச் செய்யலாம்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் என் கை மடியில் கியர் போட்டுக்கொண்டே வந்தது.

நாலாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, சிக்கந்தர் செல்போனில் கூப்பிட்டான். கார் நம்பரை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார்கள். வியாழக்கிழமை காலை நால்வரும் வக்கீலோடு மேலே காவல் நிலையத்துக்கு வருகிறார்கள். அடித்தது இன்னார் என்று நான் நேரில் வந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் ஆளாளுக்கு நானில்லை என்பார்கள், சமாதானம் என்று எழுதி முடித்துவிடுவார்கள். நீ பார்த்தாயே என்றேன். கடைசிப் படியில் இருந்தவன் எதைப் பார்த்தான் என்று வக்கீல் கேட்கிறாராம்.

தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் கடிதம் வாங்கியிருக்கலாம். டெப்போவில் சொன்னால் ஏதாவது செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். எனக்கு எதுவும் தோன்றவில்லை. என் முகத்தை எடுத்துக்கொண்டவன் முகத்தை ஒருமுறை நான் பார்க்க வேண்டும் என்பதுதான் உடம்பெல்லாம் ஓடியது.

அதோடு மலைடிரைவரின் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. குமிழி பாதிதான் மிச்சம். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் என்ன செய்வோம்? பாதியில் நிறுத்துவோம், பானட்டைத் திறந்து ஆறவிடுவோம், தண்ணீர் ஊற்றுவோம், பிறகு ஏறுவோம். எத்தனை வண்டியை அப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். கண்ணையும் அப்படியே கொண்டுபோய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு கீழே இருக்கும் மனிதர் எவருக்கும் தோன்றியிருக்காது.

பாக்கியம் மேலே வேலையில் இருந்தாள். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டார் என்று சிக்கந்தரிடம் சொன்னேன். முழுக்கைச் சட்டை போட்டுப் பச்சைப் பட்டையை மறைத்துப் பட்டனைப் போட்டேன். வியாழக்கிழமை வெள்ளனே பழனியில் என் வண்டியில் ஏறினேன். எனக்குப் பதிலாகப் போட்டிருந்த வேலுச்சாமி எழுந்து நின்று வணக்கம் சொன்னான். அவனுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். சிக்கந்தர் விசில் அடித்தான்.

அடிவாரம் தாண்டி மூன்று நான்கு வளைவில் ரசமட்டக் கோடு மெல்ல மேலேற ஆரம்பித்தது. இரண்டு வாரம் இறங்கிய கோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். புருவத்துக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல வலி. பாதி மலையில் டீக்கடை நிறுத்தத்தில் இறங்கி, ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தேன். வலி குறைந்தது. உண்மையாகவே குறைந்தது. அந்த இருபது நிமிடம்தான் என்னை ஏமாற்றியது. ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணே, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு. வேணாம்னா சொல்லுங்க, எறக்கி விட்டுர்றேன்" என்றான் சிக்கந்தர்.

"பசிதான். வெரசா எடுக்கச் சொல்லு" என்றேன்.

பிறகு வந்த ஏற்றத்தில் எந்த இடம் என்று தெரியாது. பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பாதையில் எனக்கு இடம் தெரியவில்லை. கண் கல்லாகிவிட்டது. வாந்தி ஜன்னலுக்கு வெளியே போனது. வலது கண்ணில் முதலில் நிறங்கள் போயின. மரமெல்லாம் சாம்பல். பிறகு சாம்பலும் போனது. கறுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், கறுப்புகூட வரவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது உங்களுக்கு? அதுதான் தெரிந்தது.

சிக்கந்தரின் கையைப் பிடித்துச் சட்டைக்கையை நானே ஏற்றிக் காட்டினேன். அவன் பட்டையில் எழுதியிருந்ததை வாசித்தான். ஒற்றை விசில் அடித்து வண்டியை நிறுத்தி, கீழே குதித்து ரோட்டின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றான். மேல்மலைக் கவுஞ்சியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கிய லாரி ஒன்று நின்றது. என்னை அதில் ஏற்றிவிட்டு, வண்டியை வேலுச்சாமியிடமும் பயணிகளிடமும் விட்டுவிட்டு, அவனும் ஏறிக்கொண்டான். டிக்கெட் பையோடு. கண்டக்டர் இல்லாமல் நின்ற அந்த ட்ரிப்புக்கு அவன் பிறகு மூன்று மாதம் பதில் எழுதினான்.

இறங்க இறங்க வலி இறங்கியது. பார்வை மட்டும் திரும்பவில்லை.

மதுரையில் ஊசி வைத்து வாயுவை வெளியே எடுத்தார்கள். டாக்டர் நெடுநேரம் உள்ளே பார்த்தார். கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்த அழுத்தத்தில் அடைபட்டுக் கிடந்திருக்கிறது, விழித்திரை அவ்வளவு நேரம் பட்டினி தாங்காது என்றார். ஒட்டியது ஒட்டியபடிதான் இருக்கிறது, உயிர்தான் இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தான் வரைந்த பழைய படத்தை ஃபைலிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். அது திட்டைவிட மோசம்.

சிக்கந்தர் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சொன்னான்: "ஒரு வார்த்த நெசத்தச் சொல்லிருந்தா ஏத்திருப்பனாண்ணே? விசில் அடிச்சவன் நாந்தான."

பாக்கியம் அடுத்த நாள் வந்தாள். இந்த முறை குப்புறப் படுக்க வேண்டியதில்லை, அவளும் கட்டிலுக்குக் கீழே போகவில்லை. நேராக உட்கார்ந்து, "அவன் மூஞ்சியப் பாத்து என்னத்தச் செய்யப் போனீங்க?" என்றாள். அந்த வியாழக்கிழமை அவர்கள் வந்தார்களாம். நான் வராததால், நடந்ததற்கு வருத்தம் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டார்களாம். நால்வரில் அடித்தவன் எவன் என்று இப்போதும் எந்தக் காகிதத்திலும் இல்லை.

ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். பழைய காகிதமெல்லாம் யாரும் புரட்ட மாட்டார்கள் என்று டெப்போவில் சொன்னார்கள். சிக்கந்தர் எங்கிருந்தோ அந்தப் பலகையின் எழுத்துகளை வரிசையாக எழுதி வாங்கி வந்திருந்தான். "ஆறு வரிண்ணே. ஒரு எழுத்தக்கூட ஒளறாம சொல்லிட்டீங்கன்னா அடுத்த வாரம் நம்ம வண்டி" என்றான். அவன் குரலில் இருந்தது எனக்காக மட்டும் அல்ல என்று தெரியும். இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பாக்கியத்திடம் சொல்லவில்லை, அவளுக்குத் தெரிந்திருந்தது, காகிதத்தைச் சட்டைப்பையில் பார்த்தவள் அதே மடிப்பில் திரும்ப வைத்திருந்தாள்.

டாக்டர் இளைஞர். வெளியே நீண்ட வரிசை. இடது கண்ணை முதலில் பார்த்தார், ஆறு வரியும் தெரிந்தது, உண்மையிலேயே. பிறகு ஓர் அட்டையை எடுத்து என் இடது கண்ணை மறைத்தார். பலகை போய்விட்டது, சுவர் போய்விட்டது. ஓரமாக ஜன்னல் வெளிச்சம் ஒரு கறைபோல. "படிங்க" என்றார்.

முதல் எழுத்து நாக்கில் இருந்தது. அதற்குப் பின்னால் மிச்சமெல்லாம் வரிசையில் நின்றன, டிக்கெட் வாங்கிக்கொண்டு. வலது பக்கம் திரும்பும் வளைவில் எதிரே வருவது எந்தக் கண்ணுக்கு முதலில் தெரியும் என்று யோசித்தேன். யோசிக்க வேண்டாம் என்றும் யோசித்தேன். பள்ளிக்கூட வேன், காய்கறி ஜீப், சுமையோடு ஓரமாக நடந்துவரும் ஒரு பெண்பிள்ளை. வாயைத் திறந்தேன்.

"தெரியலைங்க."

"இது? பெரிய எழுத்து, முதல் வரி."

"தெரியலைங்க."

"என் கை அசையறது தெரியுதா?"

"அசையுதான்னு தெரியல. வெளிச்சம் தெரியுது."

அவர் எழுதினார். பேனாச் சத்தம் கேட்டது. ஓட்டுநர் பணிக்குத் தகுதியற்றவர் என்பதற்கு மூன்று வார்த்தைதான், ஆனால் அவர் நிறைய நேரம் எழுதியதுபோல எனக்குப் பட்டது. வேறு வேலை கொடுப்பார்கள், டெப்போவில் டயர் பகுதியில், கொடுத்துமிருக்கிறார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டிகளுக்கு நடுவில் இப்போது என் பகல்கள் போகின்றன.

வெளியே சிக்கந்தர் என் முகத்தைப் பார்த்தான். டீ வாங்கி வருகிறேன் என்று போனவன் வெகுநேரம் வரவில்லை. பாக்கியம் காகிதத்தை வாங்கிப் படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள். மருத்துவமனை வாசலில் பைக்குகளும் ஆட்டோக்களும் குறுக்கும் நெடுக்குமாகப் போய்க்கொண்டிருந்தன. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு இடதுபக்கமாகத்தான் நடப்பாள், அது அவள் பழக்கம். ரோட்டில் இறங்கும்போது ஒரு நிமிடம் நின்றாள். பிறகு பின்னால் சுற்றி வந்து, என் வலது பக்கம் சேர்ந்துகொண்டாள்.